ஐவரியா, சந்தனமா?

பழைய காலண்டரை உரித்தபோது சுவரும் கூடவே வந்தது.

சோணைமுத்துவின் கையில் காலண்டர். காலண்டரின் முதுகில் உள்ளங்கை அகலத்துக்குச் சுவரின் தோல். சுவரில் அந்த இடத்தில் சிமெண்டு தெரிந்தது. அவன் காலண்டரையும் சுவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“என்ன போச்சு?” அடுப்படியிலிருந்து வேல்விழி கேட்டாள்.

“ஒண்ணும் போகலையே.”

“டப்புன்னு சத்தம் கேட்டுச்சு. பெறகு நீங்க மூச்சே விடல. கண்டிப்பா என்னமோ போயிருக்கு.”

கரண்டியோடு வந்து பார்த்தவள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

அந்த வீட்டில் ஆணி அடிக்கக் கூடாது. வீட்டுக்காரர் சங்கையா இருப்பதென்னவோ காரியாபட்டியில். ஆனால் வீட்டை வாடகைக்கு விட்ட அன்றைக்கே விரலை ஆட்டிச் சொல்லிவிட்டுத்தான் போனார். “ஆணி அடிக்கப்படாது. கறை ஆகப்படாது. செவுரு இன்னைக்கு எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். இல்லேன்னா மறுமாசமே காலி பண்ணிறணும்.”

சோணைமுத்து சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் ஆபீஸில் மிஷின்மேன். ஊர் உலகத்துக்கெல்லாம் காலண்டர் அடித்து அனுப்புகிறவன் வீட்டில் காலண்டர் இல்லையென்றால் நன்றாகவா இருக்கும்? ஆணி அடித்தால்தானே குற்றம், ஒட்டினால்? பக்கத்து வீட்டுப் பொன்மணி பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அவளிடம் ஒரு டப்பா பசை வாங்கி ஒட்டிவிட்டான். மைதாவில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய பசை அது. வெடி வெடிக்கிற வரைக்கும் குழாய் பிரியக் கூடாது என்று காய்ச்சுகிற பசை, காலண்டருக்காகவா இளகிக் கொடுக்கும்?

“நேத்துத்தான் அந்த மனுசன் போன் பண்ணுனாரு” என்றாள் வேல்விழி. “ஞாயித்துக்கிழமை வர்றேன், வீட்டப் பாக்கணும்னு. எதுக்கு ஏதுன்னு ஒண்ணும் சொல்லல, வச்சிட்டாரு.”

“அதுக்கு இன்னும் மூணு நாள் இருக்குல்ல?”

“இந்தா பாருங்க. எனக்கு வீடு பெருசில்ல, கொல்லையில இருக்க கெணறுதான் பெருசு. அந்தப் பழைய வீட்டுல தண்ணி வண்டிக்குக் கொடத்த வச்சிக்கிட்டு ரோட்டுல நின்னு நின்னு என் இடுப்பே போச்சு. மறுபடி என்னக் கொடத்தோட நிக்க வச்சீகன்னா, நான் விஸ்வநத்தத்துக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன். அடுத்த கோடைக்குத்தான் வருவேன்.”

“கோடையிலதான இங்கன தண்ணி இருக்காது?”

“அதனால அப்பவும் வரமாட்டேன்.”

சோணைமுத்துவுக்கு முதலில் தோன்றிய யோசனை நல்ல யோசனைதான். புதுக் காலண்டரை அதே இடத்தில் ஒட்டிவிட்டால் தீர்ந்தது. ஆனால் பேப்பர் விலை ஏறிப்போச்சு என்று அவன் முதலாளி இந்த வருசக் காலண்டரை நாலு விரல் சுருக்கிவிட்டார். மேலே வைத்தால் கீழே சிமெண்டு தெரிந்தது. கீழே இறக்கினால் சிமெண்டு மறைந்தது, ஆனால் மேலே வேறொரு கூத்து. பழைய காலண்டர் இருந்த இடம் ஒரு நிறமாகவும் சுற்றியிருந்த சுவர் இன்னொரு நிறமாகவும் இருந்தன.

“அது ஐவரி. இது சந்தனம்” என்றாள் வேல்விழி.

“ரெண்டும் ஒரே பெயிண்டு புள்ள. வெளிய இருந்தது வெளிச்சம் பட்டு மாறிருச்சு.”

“ஒரே பெயிண்டுன்னா எதுக்கு ரெண்டு கலரா இருக்கு?”

“ரெண்டு கலரா எங்க இருக்கு? ஒண்ணு லேசா மஞ்சளடிக்குது, அம்புட்டுதான்.”

“அதத்தான நானும் சொல்றேன்!”

இதற்கு மேல் பேசினால் சோறு கிடைக்காது. உதிர்ந்த சுவர்த் துண்டைத் தீப்பெட்டிக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு சோணைமுத்து பெயிண்ட் கடைக்குப் புறப்பட்டான்.

கடைக்கார முகம்மது யூசுப் தீப்பெட்டியைத் திறந்து பார்த்தார். பிறகு கம்பெனி கொடுத்த கலர் அட்டையை எடுத்து விரித்தார். “இது ஐவரி, இது சந்தனம். ரெண்டுல ஒண்ணுதான் தம்பி.”

சோணைமுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு அட்டையைப் பார்த்தான். தெருவில் இறங்கி வெயிலில் வைத்துப் பார்த்தான். திரும்பி வந்து அட்டையை மேஜைமேல் போட்டான்.

“பாய், இது அச்சடிச்ச அட்டை.”

“ஆமா, அச்சடிக்காம பெறகு?”

“அச்சடிச்ச கலர நம்பலாமா? நான் அச்சடிக்கிறவன் சொல்றேன், நம்பவே கூடாது. மிஷின்ல மை கொஞ்சம் கூடிருந்தா உங்க ஐவரி சந்தனமாயிரும். கொறைஞ்சிருந்தா உங்க சந்தனம் ஐவரியாயிரும்.”

“தம்பி, எதையாவது ஒண்ண அடிங்க. செவுத்துல காஞ்சிருச்சுன்னா யாரு வித்தியாசம் பாக்கப் போறா?”

யூசுப் பாய் இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சோணைமுத்து பதினைந்து வருசமாக அம்மன் முகத்துக்குக் கலர் பார்க்கிறவன். முகம் ஒரு இழை சிவந்தாலும் மிஷினை நிறுத்திவிடுவான். அவனைப் பார்த்து, யாரு வித்தியாசம் பாக்கப் போறா என்றால் என்ன அர்த்தம்?

“வெள்ளை டிஸ்டம்பர் ஒரு டப்பா குடுங்க. கலர் கூட்டுற குப்பி மஞ்சள்ல ஒண்ணு, செவப்புல ஒண்ணு. நானே கலர் எடுத்துக்கிடுறேன்.”

“பாத்துத் தம்பி. இது காயக் காய...”

“பாய், எனக்குக் கலரப் பத்திச் சொல்றீகளா?”

பாய் டப்பாவை எடுத்து வைத்தார். அவருக்கென்ன, வியாபாரம்.

வெள்ளிக்கிழமை ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டான். சீசன் முடிகிற நேரம், வருசப் பிறப்புக்கு முன்னால் லோடு ஏற்ற வேண்டும் என்று ஆபீஸே தலைகீழாக நின்றுகொண்டிருந்தது. இவன் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வாளியில் டிஸ்டம்பர் கலக்கிக்கொண்டிருந்தான். மஞ்சளில் ஒரு சொட்டு, சிவப்பில் அரைச் சொட்டு. தீப்பெட்டித் துண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்துக் கலக்கினான். சிமெண்டுக்குப் பக்கத்தில், சுவரில் தடவிப் பார்த்தான். அச்சு அசலாக இருந்தது. எங்கே தடவினோம் என்று அவனாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை.

“அடியாத்தி!” என்றாள் வேல்விழி. கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவள் அவனைப் பார்த்து வாயைப் பிளந்தது அன்றைக்குத்தான். சோணைமுத்து சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒரு டீ கேட்டான்.

டீ வருவதற்குள் சுவர் காய்ந்துவிட்டது. காய்ந்த இடம் வெளுத்துப்போய், திருநீறு பூசியதுபோல் இருந்தது.

அச்சு மை போட்டது போட்டபடி நிற்கும். டிஸ்டம்பர் நிற்காது, காயக் காய வெளுக்கும். இதைச் சொல்லத்தான் யூசுப் பாய் கடையில் வாயெடுத்தார். இவன் விட்டானா?

“செவுத்துல ஈரம் இருந்திருக்கு” என்றான் சோணைமுத்து.

“ஆமா, செவுத்துமேல பழியப் போடுங்க.”

இந்தமுறை கூடுதலாகக் கலர் சேர்த்துப் பக்கத்தில் தடவினான். டேபிள் ஃபேனை இழுத்துவந்து சுவருக்குக் காற்று காட்டினார்கள். காய்ந்தபோது அது பிஸ்கெட் நிறத்தில் நின்றது. இப்போது அந்த ஒரு சுவரில் பழைய ஐவரி, பழைய சந்தனம், புது வெள்ளை, புது பிஸ்கெட் என்று நாலு நிறம். போதாததற்கு நடுவில் அந்தச் சிமெண்டு.

“எனக்குக் கண்ணு கூசுது. பொன்மணி மதினியக் கூப்பிடுவோம்” என்றாள் வேல்விழி.

பொன்மணி கம்பெனியிலிருந்து வந்த கையோடு எட்டிப் பார்த்தாள். முகத்தைச் சுவரோடு ஒட்டவைத்துப் பார்த்தாள். எட்ட நின்றும் பார்த்தாள்.

“எதப் பாக்கச் சொல்றீக? எல்லாம் ஒண்ணாத்தான இருக்கு?”

சோணைமுத்துவுக்கு உயிர் வந்தது. “பாத்தியா, நான் சொல்லல?”

வேல்விழி டியூப் லைட்டைப் போட்டாள்.

“ஆத்தீ!” என்றாள் பொன்மணி. “என்ன அண்ணே, செவுத்துக்குப் படை கிடை வந்திருக்கா?”

இவன் லைட்டை அணைத்தான். வேல்விழி போட்டாள். இவன் அணைத்தான். “அவரு காலையில வருவாரு. காலையில எதுக்கு லைட்டு?” என்றான். “மேகம் கருத்திருந்தா?” என்றாள் அவள். மார்கழி மாசத்துக் காலையில் வெயில் எந்தப் பக்கம் விழும், ஜன்னலைத் திறந்துவைப்பதா சாத்துவதா என்று அது வேறு ஒரு சண்டையாகப் போனது. பொன்மணி மெல்ல நழுவிவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் வாசலில் பைக் வந்து நின்றது. ஆபீஸ் ஃபோர்மேன் காளிராஜ் இறங்கும்போதே கத்திக்கொண்டு வந்தார்.

“ஏலே சோணை! அங்கன காலண்டர்ல முருகன் மொகம் பச்சையடிச்சுக்கிட்டு நிக்காரு. ஆர்டர் குடுத்தவன் ஆபீஸ் வாசல்ல உக்காந்திருக்கான். உனக்கு வயித்துவலியாலே?”

உள்ளே வந்தவர் சுவரைப் பார்த்தார். கத்தல் நின்றது.

“இது என்னலே?”

சோணைமுத்து நடந்ததைச் சொன்னான். வீட்டுக்காரர், கிணறு, விஸ்வநத்தம் எல்லாவற்றையும் சொன்னான். அழாத குறைதான். காளிராஜ் அப்போதே அவன் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருந்தால் எல்லாருக்கும் நல்லது. ஆனால் அவரும் அச்சாபீஸ்காரர்தானே? சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்தார். ஆபீஸில் அச்சான தாளை எப்படிப் பார்ப்பாரோ அப்படியே சுவரில் லென்ஸை வைத்து, குனிந்து ஒரு கண்ணால் பார்த்தார்.

“மெஜந்தா கொறையுதுலே.”

“எனக்கும் அப்படித்தாண்ணே தோணுச்சு.”

“அரைப் பாயிண்டு ஏத்து.”

வேல்விழி இருவரையும் பார்த்தாள். ரெண்டு ஆண்பிள்ளைகள் வீட்டுச் சுவரில் லென்ஸை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு கண்ணை மூடி நின்றார்கள். “செவுத்துல என்ன பூச்சியா ஊருது?” என்று கேட்டாள்.

சோணைமுத்து சிவப்பை ஏற்றினான். காளிராஜ் “இன்னும் ஒரு சொட்டு” என்றார். அவன் குப்பியைச் சாய்த்தான். பாதிக் குப்பி உள்ளே போய்விட்டது. அதைச் சரிக்கட்ட மஞ்சளைச் சாய்த்தார்கள். வெளுக்க வைக்க, மிச்சமிருந்த வெள்ளை அத்தனையையும் கொட்டினார்கள். இவ்வளவு கலக்கியாயிற்று, இனி துண்டு துண்டாகத் தடவினால்தானே திட்டுத்திட்டாகத் தெரிகிறது, ஒரு சுவர் முழுக்க அடித்துவிட்டால் என்ன என்று காளிராஜுக்கு யோசனை வந்தது. அடித்தார்கள்.

சுவர் காய்ந்தது. கல்யாண மண்டபத்து ரோஸ்.

“வெளக்கப் போட்டு நாதஸ்வரத்தையும் வச்சிருங்க. வர்ற மனுசன் மொய் எழுதிட்டுப் போகட்டும்” என்றாள் வேல்விழி.

“காஞ்சா ரோஸடிக்கும்னு எனக்கென்னம்மா தெரியும்? எங்க மையி இப்படிப் பண்ணாது” என்றார் காளிராஜ். போகும்போது மெதுவாக, “மத்த மூணு செவுத்தையும் அடிச்சிட்டா வித்தியாசம் தெரியாதுலே” என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். அதையும் இந்த மனுசன் கேட்டான்! மிச்சத்தை எடுத்து இரண்டாவது சுவரை அடிக்கப் போனான். பாதிச் சுவரிலேயே வாளி காலி. எத்தனை சொட்டு எதில் விட்டோம் என்பது அவனுக்கும் தெரியாது, காளிராஜுக்கும் தெரியாது. அதே கலரை இனி எவனாலும் கலக்க முடியாது.

வேல்விழி சேலை முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினாள்.

“தள்ளுங்க.”

“எங்க புள்ள போற?”

“கடைக்கு. டப்பாவத் தொறந்தா என்ன இருக்கோ அத அடிக்கப் போறேன். ஒரு சொட்டு, அரைச் சொட்டுன்னு வாயத் தொறந்தீக, பாத்துக்கோங்க.”

“சரி, ஐவரி வாங்கு. அதான் பொருந்தும்.”

“சந்தனம்தான் பொருந்தும்.”

“ஐவரி புள்ள!”

“சந்தனம்!”

கடையில் யூசுப் பாய் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். ஐவரியில் ஒரு டப்பாதான் இருந்தது. சந்தனத்திலும் ஒரு டப்பாதான் இருந்தது. ஒரு டப்பா மூணு சுவருக்குத்தான் காணும். அடுத்த சரக்கு திங்கட்கிழமைதான் வரும் என்றார். வேல்விழி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ரெண்டையும் தூக்கிக்கொண்டு வந்தாள். தண்ணீர் பிடிக்கிற பெரிய பிளாஸ்டிக் ட்ரம்மைக் கவிழ்த்துக் கழுவி, ஐவரியைக் கொட்டினாள். அதன் தலையில் சந்தனத்தைக் கொட்டினாள். கிணற்றுத் தண்ணீரையும் தாராளமாக ஊற்றி, துணி அலசுகிற கம்பை விட்டுக் கலக்கினாள்.

சோணைமுத்து கண்ணைப் பொத்திக்கொண்டான். ஒரு அளவில்லை, ஒரு கணக்கில்லை. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவன்போல் மூலையில் உட்கார்ந்துவிட்டான்.

“உக்காந்தா ஆச்சா? பிரஷ எடுங்க!”

பொன்மணியும் வந்து கைகொடுத்தாள். முன்னறையை அடித்தார்கள். முன்னறை பளிச்சென்று ஆனதும் நடையைப் பார்க்கச் சகிக்கவில்லை, அதையும் அடித்தார்கள். நடையிலிருந்து பார்த்தால் அடுப்படி கரிபிடித்துப் பயமுறுத்தியது, அதையும் அடித்தார்கள். பொழுது சாயும்போது வீடு முழுக்க ஒரே நிறம். சிமெண்டு தெரிந்த இடம் எங்கே என்று பொன்மணி தேடிப் பார்த்துத் தோற்றாள். சோணைமுத்து சுவரைப் பார்த்தான். ஐவரியுமில்லை, சந்தனமுமில்லை, ஆனால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை.

“இப்ப நல்லாத்தான் இருக்கு. ஆனா பழைய கலரு இல்லையே” என்றான். “செவுரு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கணும்னுல்ல சொன்னாரு? ஒரு பொட்டுக் கறைக்கே காலி பண்ணச் சொல்றவரு, வீட்டுக் கலரவே மாத்திட்டோம்னா விடுவாரா?”

வேல்விழியின் முகம் செத்துப்போயிற்று. அவள் அதை யோசிக்கவேயில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கையா வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி, மனைவி பொன்னுத்தங்கத்தையும் கூட்டிக்கொண்டு, குடையை ஊன்றி ஊன்றி நடந்து வந்தார். சோணைமுத்து வாசலுக்கு ஓடினான். “வாங்கய்யா, வாங்கம்மா. காப்பி சாப்புட்டீகளா?” வாய் மட்டும்தான் பேசியது. கண் அவர் போகிற பக்கமே போனது.

சங்கையா நேராக உள்ளே நுழைந்தார். நடு அறையில் நின்று ஒவ்வொரு சுவராகப் பார்த்தார். கிட்டே போய் விரலால் தேய்த்தார். விரலை மூக்குக்கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். வேல்விழி பொன்னுத்தங்கத்துக்குக் காப்பியைக் கொடுத்தாள்.

“ஆணி கீணி அடிச்சீகளா?”

“இல்லைங்கய்யா. சத்தியமா ஒரு ஆணி அடிக்கல.”

“உம்.” நடைக்குப் போனார். அடுப்படியை எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து மறுபடி சுவரைப் பார்த்தார். சோணைமுத்துவுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று வாயைத் திறந்தான்.

“செவுரு நல்லா இருக்கு” என்றார் சங்கையா. “நல்லா வச்சிருக்கீக. இருங்க, இன்னும் ரெண்டு வருசம் தாராளமா இருங்க. கெணத்துல தண்ணி எம்புட்டுக் கெடக்குன்னு பாத்துட்டு வாரேன்.” குடையை ஊன்றிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார்.

வேல்விழி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. சோணைமுத்து சுவரில் சாயப் போய், சட்டென்று விலகி நின்றுகொண்டான். அந்தச் சந்தோஷத்தில் வேல்விழிக்கு வாய் நிற்கவில்லை. மூணு நாளாகத் தொண்டையில் நின்ற கேள்வியைப் பொன்னுத்தங்கத்திடம் கேட்டேவிட்டாள்.

“ஏம்மா, இதுக்கு முன்னாடி ஐயா அடிச்சிருந்தாகள்ல, அந்தக் கலரு ஐவரியா, சந்தனமா?”

பொன்னுத்தங்கம் காப்பியை ஆற்றியபடி வெள்ளந்தியாகச் சிரித்தாள்.

“அது முன்னாடி குடியிருந்த டெய்லரு அடிச்சதுல்ல தாயி? இவுக இந்த வீட்டுக்கு எந்தக் காலத்துல பெயிண்டு வாங்குனாக? ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா, ‘ஞாயித்துக்கிழமை வீட்டப் பாக்க வர்றேன்’னு ஒரு போன் போடுவாக, அம்புட்டுதான்.”